தெரியாது என்று சொன்ன வாய்

இன்று ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். டிக்கோயாவில் ஏறிய ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். தலையில் போட்டிருந்த கம்பளியைக் கழற்றிக் கையில் மடித்து வைத்திருந்தாள். இப்போது தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் பிளாஸ்டிக் தாளைத்தான் போர்த்துகிறார்கள். கம்பளியைப் பார்த்தே வெகுகாலம் ஆகிறது. மழையில் ஊறிய அதன் நெடி, ஆட்டு மயிரும் அடுப்புப் புகையும் கலந்த நெடி, முகத்தில் அடித்தது. இறங்க வேண்டிய இடத்தில் நான் இறங்கவில்லை. பொகவந்தலாவை வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

கோயில் வாசலில் அன்று நீ நின்றபோதும் உன் தோளில் நனைந்த கம்பளிதான் இருந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் கங்காணி மகன். கொஞ்சம் படித்தவன் என்று கணக்கப்பிள்ளை வேலை கொடுத்திருந்தார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் மற்றப் பெண்கள் கூடையை இறக்கிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். நீ மட்டும் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாய். "தராசு என்னாங்க, ஒங்க பக்கமே சாயுது?" என்று கேட்டாய். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு நீ தண்ணீர் பிடிக்க வரும் நேரம் பார்த்துப் பீலிக்கரைப் பக்கம் எனக்கு ஏதாவது வேலை இருந்துகொண்டே இருந்தது. உன்னைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று அங்கே வைத்துத்தான் சொன்னேன். நீ அழவுமில்லை, குழையவுமில்லை. "என்கிட்ட சொல்றது லேசு" என்றாய்.

உங்கள் லயத்து வீடுகளில் எங்கள் வீட்டார் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். சாதிதான். வேறு பெயர் சொல்லி மூடுவதற்கில்லை.

பேச்சு பரவியதும் உன் அண்ணன் தோட்டத் தலைவரிடம் போய் முறையிட்டார். மாரியம்மன் கோயில் வாசலில் கூட்டம் கூடியது. உன்னைக் கொழுந்து மலையிலிருந்து நேரே கூட்டி வந்திருந்தார்கள். தலைவர் என்னைப் பார்த்து, "தம்பி, மறைக்காம சொல்லுங்க. இந்தப் புள்ளைக்கும் ஒங்களுக்கும் பேச்சு உண்டா?" என்று கேட்டார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இல்லைங்க. நிறுவையில பாத்திருக்கேன். மத்தபடி யாருன்னே தெரியாது."

உன் அண்ணன் என் மேல் பாய்ந்தார். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். நீ அவரைத் தடுத்தாய். "விடுண்ணே. எனக்கும் இவரத் தெரியாது" என்றாய். கம்பளியைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சரிவில் இறங்கிப் போனாய்.

அதன்பிறகு நீ டிக்கோயா ஆஸ்பத்திரியில் சிற்றூழியர் வேலைக்குப் போய்விட்டாய் என்று கேள்விப்பட்டேன். உன்னைப் பெண் கேட்டு வந்தவர்கள், கோயில் வாசல் கதையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனதையும் கேள்விப்பட்டேன். பஞ்சகாலத்தில் அப்பா போய்ச் சேர்ந்தார். அம்மா எனக்குப் பெண் தேடிக்கொண்டே இருந்தாள். நான் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தேன். அது உத்தம குணம் ஒன்றுமில்லை. இன்னொருத்திக்கு வாக்குக் கொடுக்க நாக்குக் கூசியது, அவ்வளவுதான்.

எண்பதுகளில் ஒரு மழைநாளில் மலையில் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைத் திறந்தால் தண்ணீர்க் குவளையோடு நீ நிற்கிறாய்.

"பேரு என்னாங்க?"

"என்னைத் தெரியலையா?"

"தெரியாதுன்னு அன்னைக்கே பேசி முடிச்சிட்டமே."

ஆனாலும் அடுத்த கட்டில்காரருக்கு என்ன செய்தாயோ அதையேதான் எனக்கும் செய்தாய், கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. நீ ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கால் தேறியதும் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். கடைசியில் ஒருநாள் என்னைக் கடந்து போகாமல் நீ நின்றாய். மன்னித்துவிடு என்றேன்.

"என்கிட்ட சொல்லி என்னா செய்ய? எனக்குத்தான் நெசம் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போயி சொல்லுங்க."

உன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டு அவர் காலில் விழுந்தேன். அதை உன்னிடம் வந்து பெருமையாகச் சொன்னேன். நீ என்னையே பார்த்தாய். "பொய்ய கோயில் வாசல்ல சொன்னீங்க. நெசத்த மட்டும் கதவச் சாத்திக்கிட்டா?"

அந்த வருஷத் திருவிழாவில் சொல்லிவிடுவது என்று போனேன். ஒலிபெருக்கி தயாராக இருந்தது. முன்வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். தேங்காயை உடைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். உடம்பு சரியில்லை, போகவே இல்லை என்று உன்னிடம் பொய் சொன்னேன். அடுத்த ஞாயிறு நீ வாசலுக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

பிறகு ஒரு தூறல் காலையில், வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தபோது முன்னால் போனேன். "கோயில் வாசல்ல நான் சொன்னது பொய். அந்தப் புள்ளைய எனக்குத் தெரியும். கட்டிக்கிறேன்னு வாக்குக் குடுத்தவன் நான். பயந்துபோயி மறுத்துட்டேன்."

யாரோ சிரித்தார்கள். ஒரு கிழவி, "இப்பவாச்சும் வாய் வந்துச்சே" என்றாள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா, "சரி சரி, மலைக்கு நடங்க" என்றார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. இவ்வளவு சின்ன விஷயத்துக்குப் பயந்தா உன் இளமையைத் தின்றேன் என்று அந்தக் களத்தில் நின்றபோதுதான் உறைத்தது. உன் அண்ணன் பக்கத்தில் வந்து, "வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். போய்க் குடித்தேன்.

அடுத்த ஞாயிறு நீ மறுபடி வாசலுக்கு வந்தாய். ஹட்டன் கோயிலில் உனக்குத் தாலி கட்டினேன். கதைகளில் இந்த இடத்தில் சுபம் போட்டுவிடுவார்கள்.

நம் வீட்டில் அம்மா தனி அடுப்பு வைத்துக்கொண்டாள். ஒருநாள் நீ கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியை என் கண்ணெதிரே வாசல் சாக்கடைக் கானில் ஊற்றினாள். நான் குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சாயங்காலம் நீ சோறு போட்டபடியே கேட்டாய்: "ஒரு தடவ வாயத் தெறந்தா போதும்னு நெனச்சிட்டீங்களா?"

வயசானவங்க, விடு என்றேன். அப்படியே வருஷக்கணக்கில் விட்டுவிட்டேன். கடைசியில் படுக்கையில் விழுந்த அம்மாதான் ஒருநாள் உன்னைக் கூப்பிட்டு, "கொஞ்சம் கஞ்சி தாறியா, ஆயி?" என்று கேட்டாள். நீ பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினாய். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். கேட்டது அவள், கொடுத்தது நீ. அதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை.

உன் கருமாதியன்று என் தங்கை வந்து காதோரமாய், "அண்ணி சொந்தக்காரங்களுக்கு வேற கிளாஸ் எடுத்து வெச்சிருக்கேண்ணே" என்றாள். முற்றத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து நின்றேன். "இந்த வீட்டுல எல்லாருக்கும் ஒரே கிளாஸ்தான். முடியாதவங்க எந்திரிச்சுப் போகலாம்" என்றேன். சிலர் போனார்கள். தங்கையும் போனாள். நான் உன் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இப்போதெல்லாம் யார் வீட்டில் இப்படி ஒரு பேச்சு எழுந்தாலும் என் வாய் சும்மா இருப்பதில்லை. கல்யாண வீடு, சாவு வீடு என்று பார்ப்பதில்லை. வாயாடிக் கிழவன் என்று ஊரில் பெயர் வைத்திருக்கிறார்கள். நீ இருந்தபோது அந்தப் பெயரை வாங்க எனக்குத் துப்பில்லாமல் போயிற்று.