நாலு முளைக்குள் ஒரு மண்வெட்டி

1856 மே 4, ஞாயிறு

என் வீட்டுக்காரர் டிகோரி போய் ஒன்பது நாள். கிளன்மோரில் புதிதாகத் தங்கம் அகப்பட்டதாம். கேட்டதுதான் தாமதம், தங்கம் தோண்ட வந்து கூடிய இந்த ஓடைக்கரை ஊரே கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டது. அவரும் எங்கள் கடையில் பாதியை வண்டியில் ஏற்றிக்கொண்டு முதல் ஆளாய்க் கிளம்பினார். மீதிப் பாதிக்கு நான் காவல். மாவு மூட்டை, மெழுகுவத்தி, மண்வெட்டி, ஒரு பீப்பாய் உப்புக்கறி. யாருக்கு விற்பது, ஈக்களுக்கா?

மே 7

யாரும் வரவில்லை.

மே 9

டிகோரியின் கடிதம். "கடை போட இடம் புடிச்சாச்சு தாமசின். பதினஞ்சு நாள்ல வண்டியோட வர்றேன், மூட்டை கட்டி வை." எங்கள் லவ்டேயைப் பற்றி ஒரு வார்த்தை? ம்ஹும். பிப்ரவரியில் வயிற்றுப்போக்கில் போன என் இரண்டு வயதுப் பெண் மேட்டில் படுத்திருக்கிறாள். அவளை எந்த வண்டியில் ஏற்றுவாராம்? நான் போகமாட்டேன். தலைகீழாக நின்றாலும் போகமாட்டேன்.

மே 13

மேட்டுக்குப் போய் அவளிடம் பேசிவிட்டு வந்தேன். கல்லறைக்கல் வர இன்னும் மாதக்கணக்காகும். அதுவரை ஆடு மாடு மிதிக்கக் கூடாதென்று நாலு மூலையிலும் கடையில் விற்கும் மர முளைகளை டிகோரி அடித்துவைத்தார், அவ்வளவுதான் அடையாளம். இன்று நான் வாய் திறந்தது அங்கே மட்டும்தான்.

மே 16

மேட்டில் ஒருவன் வெட்டிக்கொண்டிருந்தான். என் பிள்ளை மேல! எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை.

"டேய், எடுடா கைய!"

"ஏம்மா கத்துற? நாலு முளை இருக்கு, உள்ள ஒரு கருவியும் இல்ல. யாரோ விட்டுட்டுப் போன இடம்னு நினைச்சேன்."

"உள்ள என் பொண்ணு இருக்காடா!"

தொப்பியைக் கழற்றினான். மண்டியிட்டு, வெட்டிய ஒரு சாண் மண்ணையும் கையாலேயே அள்ளிப் போட்டு மூடினான். அவனை என்ன சொல்வது? தங்கம் தோண்டுகிறவர்களின் சட்டம் அதுதானே. முளைக்குள் கருவி கிடந்தால் இடத்துக்கு ஆள் உண்டு, இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் வெட்டலாம். மூன்று வருஷம் இவர்களுக்கு முளையும் மண்வெட்டியும் விற்ற எங்களுக்கு இது தோன்றவில்லையே. ஐயோ, நாங்களே அல்லவா வழிகாட்டிவிட்டோம்!

சத்தம் கேட்டு பார்ட்லி வந்தார். ஐரிஷ்காரக் கிழவர், ஓடைக்கரையில் எங்களைத் தவிர மிச்சமிருக்கும் ஒரே ஆள். "அழாத தாயி. சிலுவையப் பாத்து நிக்காதவன்கூட மண்வெட்டியப் பாத்தா நிப்பான். ஒண்ணு கொண்டாந்து போடு."

கடையில் இருந்ததிலேயே நல்லதாக ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டேன்.

மே 24, சனி

டிகோரி வந்தார். வரமாட்டேன் என்றேன். நேரே மேட்டுக்குப் போனார், பின்னாலேயே போனேன். மண்வெட்டியைப் பார்த்து நின்றார்.

"புதுசா?"

"ஆமா. நம்ம பொண்ணுக்குத்தானே."

அங்கேயே உட்கார்ந்து அழுதார். இவருக்கு மறந்துவிட்டது என்றல்லவா நினைத்திருந்தேன், பாவி நான்.

பார்ட்லிதான் சொன்னார்: "ரெண்டு பேரும் போங்க. இன்னொரு ஊருக்கு ஓட எனக்குத் தெம்பு ஏது? துரு ஏறாம நான் பாத்துக்கறேன்."

மே 26

வண்டியில் ஏறினேன். மேடு மறையும்வரை பின்பக்கமே பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 2, கிளன்மோர்

கடையில் கூட்டமான கூட்டம். ஆனாலும் எனக்குப் பேச ஆளில்லை.

ஆகஸ்ட் 21

புகையிலை வாங்க வந்த ஒருவன் எங்கள் பழைய ஊர் வழியாக நடந்து வந்தானாம். "ஊர்ல ஈ காக்கா இல்லம்மா. ஆனா மேட்டுல நாலு முளைக்கு நடுவுல ஒரு மண்வெட்டி. எண்ணெய் போட்டு பளபளன்னு கிடக்கு! தோண்டின தடமே இல்ல, ஆளையும் காணோம். நானும் தொடல. யாரோட இடமோ?"

"எங்களோடது," என்றேன்.