விழாத பாற்பல்

1938 ஆவணி 14. புத்தூர்.

இன்று காலை மகளுக்கு முதற் பல் விழுந்தது. அதைக் கடதாசியில் சுற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். ஆபிரிக்காவில் சுண்ணாம்புக்கல்லுக்குள் அகப்பட்ட ஆதிகாலத்துப் பிள்ளையின் மண்டையோடு பற்றி இன்று பாடம். ஒரு பாற்பல்லைக் கையில் கொடுத்துச் சொன்னால் மாணவருக்கு விளங்கும் என்று நினைத்தேன். விளங்கியது.

வீட்டுக்கு வந்தால் மனைவி கொதித்துக்கொண்டிருக்கிறாள். "பல்லைச் சாணத்துக்குள்ளை வைச்சுக் கூரையிலை எறிஞ்சால்தான் புதுப்பல்லு முளைக்கும். நீங்கள் அதைக் கொண்டுபோய் ஊருக்குக் காட்டுறியளோ?"

"இஞ்சரும், உது வெறும் நம்பிக்கை" என்றேன். மகளை வாய் திறக்கச் சொல்லிக் கடைவாயைக் காட்டினேன். அங்கே ஒரு புதுப்பல் பாதி வெளியே வந்திருந்தது. "பாரும், ஒருத்தரும் எறியாமலே முளைக்குது. ஆபிரிக்காவிலை மண்டையோடு எடுத்த அந்தப் பிள்ளைக்கும் இதே பல்லு இப்பிடித்தான் வந்துகொண்டிருந்தது. அதை வைச்சுத்தான் ஆறு வயதெண்டு சொல்லுகினம்."

அவள் மகளின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பிள்ளைக்குப் பாற்பல்லு விழுந்ததோ?"

"இல்லை. எல்லாம் அப்பிடியே இருக்கு."

"அப்ப அதின்ரை தாய்க்கு எறிய ஒரு பல்லும் கிடைக்கேல்லை."

மாட்டுக்கொட்டிலுக்குப் போய்ச் சாணம் எடுத்துவந்தேன். நான் எறிந்தது ஓலையில் சறுக்கித் திரும்பி வந்துவிட்டது. பிறகு மகளைத் தோளில் ஏற்றி எறியச் சொன்னேன். தாய் கீழே நின்று கைகளை விரித்துக்கொண்டிருந்தாள், பல்லுக்காக அல்ல.