சர்க்கார் போட்ட பெஞ்சு

போன மாதம் சென்னையிலிருந்து வந்த பையன், அடுப்படியில் ஒரு மைக்ரோவேவ் பெட்டியை வாங்கி வைத்துவிட்டுப் போனான். இன்று காலையில் அதில் சுக்குக் காப்பியைச் சூடு பண்ண வைத்தேன். வெளியே சாரல். மலை இருக்கிற இடமே தெரியவில்லை, கொடியில் போட்ட துணி காய்கிற வழியைக் காணோம். பெட்டி தன் வேலையை முடித்துவிட்டுக் 'கீ' என்று நீளமாகக் கத்தியது. எனக்கு நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. ஓட்டு மெஷினின் சத்தம் அச்சாக அதேதான். அட்டை மறைப்புக்குப் பின்னாலிருந்து யாரோ பொத்தானை அமுக்கிவிட்டு வெளியே வரப்போகிறார்கள் என்று தோன்றியது. யாரோ என்ன யாரோ. நீதான்.

காப்பி ஆறினால் ஆறட்டும் என்று உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். நீ இருந்தவரை ஒரு வரி எழுதியதில்லை. நாலு வீடு தள்ளி இருக்கிறவளுக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா? இப்போது நீ இருக்கிற இடத்தில் உன் வீட்டுக்காரரும் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. தைரியமாக எழுதலாம்.

இந்தத் தெருவுக்கு என்னைக் கொண்டுவந்தவளே நீதான். நீ கீழப்பாவூர்க்காரி, நான் வாசுதேவநல்லூர்க்காரி. குற்றாலத்துக் கல்லூரி விடுதியில் ஒரே அறை. சாரல் பிடித்தால் வகுப்பாவது ஒன்றாவது, வார்டன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு அருவிக்கு ஓடிப்போய், ஈரப் பாவாடையோடு நடுங்கிக்கொண்டு திரும்பி வருவோம். உன்னை முதலில் மேலகரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். நீ சும்மா இருந்தாயா? எங்கள் தெருவில் உரக்கடைக்காரர் வீட்டில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறார், பார்க்கச் சுமாராக இருப்பார், ஆனால் நல்ல மனுஷர் என்று என் அம்மாவிடம் சொல்லியனுப்பினாய். சுமார் என்று நீ சொன்னதை நான் இவரிடம் இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை.

நம் புருஷன்மார் இரண்டு பேரும் இரண்டு கட்சி. ஆனால் ஒரே டீக்கடை. காலையில் ஒருவர் வாசித்த பேப்பரை மற்றவர் வாங்கி வாசிப்பார். நாம் இரண்டு பேரும் கிண்ணத்தில் குழம்பு கொண்டுபோவதும் வருவதுமாக இருந்தோம். அதெல்லாம் அந்தச் சட்டமன்றத் தேர்தல் வரைக்கும்தான். முச்சந்திக் கூட்டத்தில் இவர் மைக்கைப் பிடித்தார். மைக்கைப் பிடித்தால் இவருக்குத் தலைகால் தெரியாது என்பது உனக்குத் தெரியும். உன் மாமனாரைப் பற்றி, காலையில் ஒரு கட்சி, சாயங்காலம் ஒரு கட்சி என்று என்னமோ சொல்லிவிட்டார். கூட்டம் சிரித்தது. பக்கவாதத்தில் படுத்துக்கிடந்த அந்த மனுஷர் குழாய் ஸ்பீக்கரில் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதற்குப் பிறகு அவர் அதிக காலம் இருக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து நின்றுபோனது.

நம்மை யார் கேட்டார்கள்? உன் வீட்டில் உன்னிடம் சத்தியம் வாங்கவில்லை, என் வீட்டில் என்னை யாரும் மிரட்டவில்லை. ஆனாலும் படி ஏற முடியவில்லை. செத்தவருக்கு ஒரு மரியாதை இருக்கிறது அல்லவா? குழாயடியில் நீ தலை நிமிராமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவாய். நான் என் குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் உன் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அடுத்த தேர்தலில் உன் வீட்டிலிருந்து பூத் ஏஜென்டாக உன்னைப் போடுகிறார்கள் என்று பூக்காரி பேச்சுவாக்கில் சொன்னாள். அன்று சாயங்காலமே இவரிடம் போய், பொம்பளைகள் ஓட்டுப்போடுகிற பூத்துக்கு நம் கட்சியிலும் ஒரு பொம்பளை வேண்டாமா, நான் உட்காருகிறேன் என்றேன். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. கட்சி ஆபீசில் போய், "எங்க வீட்டு அம்மா என்னையவிடத் தீவிரம்லா" என்று சொன்னாராம்.

மேலகரம் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு அறை. சுவரில் வாய்ப்பாடு. பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் நாம் உட்கார்ந்தால் முழங்கால் மூக்கைத் தொடும். இன்ன கட்சி ஏஜென்ட் இன்ன வரிசையில் உட்கார வேண்டும் என்று விதி இருக்கிறதாம். அந்த விதி எவன் எழுதினானோ, அவன் பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்க வேண்டும். நம் இரண்டு கட்சியையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டிருந்தான்.

ஓட்டுப்பதிவு தொடங்கும் முன்னால் மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மாதிரி ஓட்டுப் போடச் சொல்வார்கள். ஏஜென்டுகள்தான் போட வேண்டும், யாருக்குப் போட்டோம் என்று வெளியே வந்து சொல்ல வேண்டும். கடைசியில் எண்ணிப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள். அழியப்போகிற ஓட்டுதானே, அதில்கூட அவனவன் தன் சின்னத்தையே அமுக்கினான். நீ எழுந்து போனாய். 'கீ' என்று சத்தம் வந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டே வெளியே வந்து, என்னைப் பார்க்காமல் அதிகாரியிடம் சொன்னாய்.

"அவ கட்சிக்கு ஒண்ணு போட்டிருக்கேன், எழுதிக்கிடுங்க சார்."

தப்பாக அமுக்கிவிட்டீர்களா அம்மா என்று அவர் கேட்டார். சரியாகத்தான் அமுக்கினேன் என்றாய். அறையே சிரித்தது. நான் எழுந்து போய் உன் சின்னத்தை அமுக்கினேன். திரும்பி வந்து உட்கார்ந்ததும், "குழம்புல இன்னும் புளிய அள்ளித்தான் போடுதியாட்டி?" என்று கேட்டாய் பார், அவ்வளவு நாள் பேசாமல் இருந்தது எல்லாம் அந்த ஒரு கேள்வியில் போயிற்று.

அதற்குப் பிறகு எத்தனை தேர்தல்! சட்டசபை, பாராளுமன்றம், பேரூராட்சி. ஒவ்வொன்றிலும் அதே அறை, அதே பெஞ்சு. முதலில் நீ என் சின்னத்துக்கு, பிறகு நான் உன் சின்னத்துக்கு. பிறகு நாள் பூராவும் பேச்சு. வருகிற அதிகாரிகளும் ஒவ்வொரு முறையும் தப்பாக அமுக்கிவிட்டீர்களா என்று கேட்பார்கள். உண்மையான ஓட்டை நீ யாருக்குப் போட்டாய் என்று நான் கேட்டதில்லை, நீயும் கேட்டதில்லை. அது வேறு.

மத்தியானம் வெயில் ஏறிக் கூட்டம் குறைந்ததும்தான் நமக்குப் பொழுது. என் கட்சிப் பொட்டலம் எப்போதும் புளியோதரை, உன் கட்சிப் பொட்டலம் எப்போதும் பிரியாணி. நீ பிரியாணியை என் பக்கம் தள்ளிவிட்டுப் புளியோதரையை இழுத்துக்கொள்வாய். பிள்ளைகள் படிப்பு, உன் மூட்டுவலி, என் சர்க்கரை, எல்லாவற்றையும் பேசி முடிப்போம். பீடி சுற்றிவிட்டு வேர்க்க விறுவிறுக்க வரும் பெண்கள் ஓட்டுப் போட்டுவிட்டு, இரண்டு கட்சிக்காரியும் ஒரே இலையில் சாப்பிடுவதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு போவார்கள். ஒரு முறை நம் வேட்பாளர்கள் இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராக வாசலில் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகும் நீ வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"சட்டசபையில நமக்காகப் பேச ஒரு ஆள அனுப்புதோம். நாலு வீட்டுக்கு நடுவுல பேச ஒரு ஆள அனுப்ப முடியல பாத்தியா" என்றாய்.

எத்தனையோ எம்.எல்.ஏ. வந்தார்கள், போனார்கள். உன் கட்சிக்காரர் ஜெயித்தபோது நம் தெருவுக்குச் சாக்கடைத் தண்ணீர் ஓட வாறுகால் வந்தது, என் கட்சிக்காரர் ஜெயித்தபோது தெருவிளக்கு வந்தது. அந்த வெளிச்சத்தில் உன் வீட்டு வாசல் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவ்வளவுதான்.

ஒரு முறை நான்தான் பொறுக்க முடியாமல், உன் நம்பரைக் கொடு, வீட்டில் யாரும் இல்லாதபோது பேசிக்கொள்ளலாம் என்றேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

"திருட்டுத்தனமா போன்ல பேசுதது நமக்கு எதுக்குட்டி? சர்க்கார் நமக்குன்னு பெஞ்சு போட்டிருக்கு. அதுல உக்காந்து பேசுவோம்."

அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் பெஞ்சு அடிக்கடி போடுகிற பெஞ்சு இல்லையே. அதனால் உன் புத்தி எங்கெங்கோ போகும். நம் எம்.எல்.ஏ. மந்திரியோடு சண்டை போட்டுக்கொண்டு ராஜினாமா செய்யமாட்டாரா, நடுவில் ஒரு தேர்தல் வருமே என்பாய். ஆட்சி கவிழ்ந்தாலும் நல்லதுதான் என்பாய். தேர்தல் ஏன் எப்போது பார்த்தாலும் கோடையிலேயே வருகிறது, சாரலில் ஒன்று வைத்தால் போகிற வழியில் ஒரு குளியல் போட்டுவிட்டு வரலாமே என்பாய். ஜன்னலுக்கு வெளியே மலை வறண்டு கிடக்கும். நாம் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்போம். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு சாரலுக்குக்கூட நாம் சேர்ந்து அருவிக்குப் போகவில்லை.

யாருக்கு ஓட்டு விழுந்தது என்று கண்ணாடிக்குள் சீட்டுக் காட்டும் மெஷின் வந்தபோது உனக்கு ஒரே குஷி. மாதிரி ஓட்டின் சீட்டுகளைக் கருப்பு உறையில் போட்டு அரக்கு வைத்து, ஏஜென்டுகளிடம் கையெழுத்து வாங்கினார்கள். நீ போட்டாய், உன் கீழே நான் போட்டேன். நம் பெயர் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வருவது விடுதி வருகைப் பதிவுக்குப் பிறகு இப்போதுதான் என்று சொல்லிச் சிரித்தாய். நீ அவ்வளவு சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

உன்னைத் திருநெல்வேலி ஆசுபத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று பூக்காரிதான் சொன்னாள். உன்னைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்றும் அவளேதான் சொன்னாள். இரண்டுக்கும் நடுவில் நான் தினமும் வாசலில் நின்று அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்மேல் கட்சிக் கொடி போர்த்தியிருந்தார்கள். கட்சிக்காகவே வாழ்ந்தவர் என்று யாரோ மைக்கில் பேசினார்கள். எங்கள் வாசலைக் கடந்து உன்னைக் கொண்டுபோனபோது நான் தெரு பார்க்க அழுதேன். "எதிர்க்கட்சிக்காரின்னாலும் நல்லவ" என்றார் இவர். மூடுங்கள் வாயை என்று சொல்ல வந்தது. சொல்லவில்லை. அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

இந்தச் சட்டமன்றத் தேர்தலுக்கு என்னை இருக்க வேண்டாம் என்றார்கள். வயதாகிவிட்டது, சர்க்கரை வேறு. நான் கேட்கவில்லை. நீ இருக்கமாட்டாய் என்று தெரியாதா எனக்கு? தெரிந்துதான் போனேன். விடியும் முன்பே அந்த மூன்றாம் வகுப்பு அறைக்குள் நுழைந்தால், உன் இடத்தில் உன் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார். மருமகள் பெங்களூரில், வேறு ஆள் இல்லை போலிருக்கிறது. மெலிந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் பெஞ்சின் அந்த ஓரத்துக்கு நகர்ந்துகொண்டார். நான் இந்த ஓரத்தில் உட்கார்ந்தேன். நடுவில் நீ உட்காருகிற அளவுக்கு இடம் கிடந்தது.

மாதிரி ஓட்டுக்குக் கூப்பிட்டார்கள். இந்த முறை நான் முதலில் எழுந்து போனேன். உன் சின்னத்தை அமுக்கினேன். கண்ணாடிக்குள் சீட்டு வந்து நின்றது, விளக்கு அணைந்தது, சீட்டு உள்ளே விழுந்தது. வெளியே வந்து, அவங்க கட்சிக்கு ஒன்று என்றேன். அதிகாரியாக வந்திருந்த சின்னப் பெண், தப்பாக அமுக்கிவிட்டீர்களா அம்மா என்று கேட்டாள். சரியாகத்தான் அமுக்கினேன் என்றேன். உன் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவர் போய்த் தன் சின்னத்தையே அமுக்கிவிட்டு வந்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? எங்கள் சின்னத்துக்கும் ஓட்டு விழத்தான் செய்தது, ஏதோ ஒரு சுயேச்சையின் ஏஜென்ட் போட்டான். அது உன் ஓட்டு இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஓட்டுப்பதிவைத் தொடங்கினார்கள்.

மத்தியானம் புளியோதரையைப் பிரித்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன். நம் ஊரில் சொல்வோமே, தேடுகிறது என்று. தாயைக் காணாத பிள்ளைக்குத் தேடுவது மாதிரி எனக்கு உன்னைத் தேடியது, இத்தனை வயதில், அத்தனை பேர் நடுவில். அப்போது பெஞ்சின் அந்த ஓரத்திலிருந்து உன் வீட்டுக்காரர் பேசினார். இத்தனை காலத்துக்குப் பிறகு. என்னைப் பார்த்து இல்லை, சுவரில் இருந்த வாய்ப்பாட்டைப் பார்த்து.

"ஆசுபத்திரில கெடக்கும்போதும் எலெக்‌ஷன் எப்ப, எலெக்‌ஷன் எப்பன்னுதான் கேட்டுக்கிட்டே கெடந்தா. நர்சம்மாகிட்டகூடக் கேட்டா. கட்சி மேல அம்புட்டுப் பிரியம் அவளுக்கு."

தண்ணீரைக் குடித்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆமா அண்ணாச்சி. அம்புட்டுப் பிரியம்" என்றேன்.

சாயங்காலம் உறைகளில் அவர் கையெழுத்துப் போட்டார், அவர் கீழே நான் போட்டேன். வெளியே வரும்போது, நீ இருந்தபோது கூப்பிடுவாரே, அது மாதிரி, "வாரேன் தங்கச்சி" என்றார். வீட்டுக்கு வந்து இதை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

யார் ஜெயித்தார்கள் என்று உனக்கு நான் சொல்லப்போவதில்லை. வந்து கேள்.

விரல் நகத்தில் இருந்த மை மேலே ஏறி ஏறி, போன வாரம் வெட்டியதோடு போய்விட்டது. நேற்று இவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், அடுத்த தேர்தலுக்காவது வேறு சின்ன வயதுப் பிள்ளை யாரையாவது பூத்தில் போட்டுக்கொள்ளலாம், உனக்கு எதற்கு இந்த உடம்போடு என்று. முடியவே முடியாது, நான்தான் இருப்பேன் என்றேன். அப்படி என்ன இருக்கிறது அந்தப் பெஞ்சில் என்று கேட்டார். மோர் ஊற்றிக்கொண்டே சொன்னேன், எனக்குக் கட்சி மேல் அம்புட்டுப் பிரியம் என்று.