காட்டுமாட்டுச் செய்திக்கு அனுமதி கேட்ட காலை

அனுப்புநர்
திருமதி ஷீனா,
க/பெ. ஸ்தனிஸ்லாஸ்,
தையல் கடை, பஸ் நிறுத்தம் எதிரில்,
நாகலூர், ஏற்காடு வட்டம்,
சேலம் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சேலம்.

பொருள்: எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் மக்கள் பேசுவதற்கு வாய்மொழியாக விதிக்கப்பட்ட தடை – அதன் விளைவாக 02.12.2025 அன்று காட்டுமாடு முட்டி ஒரு பெண் படுகாயமடைந்தது – தடையை நீக்கவும் எனக்குப் பாதுகாப்பு அளிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். திங்கட்கிழமை மனு நாளில் நேரில் வந்து வரிசையில் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் பார்த்தாலும் போதும், சாயங்காலத்துக்குள் செய்தி மலையேறி ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். லைனிங் துணி வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, சேலத்துக்கு இறங்கி வந்து போடுகிறேன். என் கணவருக்கு இம்மனு பற்றித் தெரியாது.

1. நான் நாகலூரில் பதினோரு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். 'நாகலூர் வழித் தகவல்' என்ற வாட்ஸ்அப் குழுவுக்கு நானே அட்மின். குழுவில் இருநூற்றுப் பதினெட்டுப் பேர். பஸ் வராதது, ஜீப் கிளம்பும் நேரம், பனிமூட்டம், சாவுச் செய்தி, காட்டுமாடு நிற்கும் இடம் ஆகியவை இதில் வரும். படிக்கத் தெரியாதவர்கள் பலர் இருப்பதால் பெரும்பாலும் குரல் பதிவுகள்தான். காப்பிப் பழம் பறிக்கும் பெண்கள் காலையில் குழுவைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுப் படியிறங்குவார்கள். குழுவில் ஒன்றும் இல்லை என்றால் வழியில் மாடு இல்லை என்று பொருள். இப்படி யாரும் சட்டம் போடவில்லை. நான்கு வருடத்தில் தானாக வந்த பழக்கம்.

2. சென்ற அக்டோபரில், கீழ் எஸ்டேட்டை ஒட்டிக் கட்டப்படும் தனியார் தங்கும் விடுதி ஒன்று ஓடைக்கரையை மறித்து வேலி போட்டது. 02.11.2025 அன்று எங்கள் ஊர் ஜீப் டிரைவர் ஆசிர் குழுவில், "இந்த வேலிக்கு ஆர் அனுமதி குடுத்தாங்க? மாடு போற தடத்த அடைச்சா அது நம்ம தடத்துலதான வருமுங்க?" என்று கேட்டார். அவர் கேட்டது இவ்வளவுதான். வசைச்சொல் ஒன்றுகூட இல்லை.

3. மூன்றாம் நாள் என்னை ஓர் அதிகாரி அழைத்தார். அவர் பெயரையும் பதவியையும் இங்கே எழுதக் கை வரவில்லை. தாங்கள் கேட்டால் நேரில் சொல்வேன். அவர் என்னை மிரட்டவில்லை, குரல் உயர்த்தவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். "ஏனுங்க, உங்க ஊட்டுக்காரர் எஸ்டேட்ல கணக்கு எழுதற ரைட்டரா நல்லா இருக்காருங்க. ஊர் வம்பு நமக்கெதுக்குங்க?" என்றார். பிறகு அவர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டேன். நகல் தரவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து டீ குடிப்பதையே விட்டுவிட்டேன்.

4. அவர் உத்தரவுப்படி, அட்மின் மட்டுமே பதிவிட முடியும்படி குழுவை மாற்றினேன். மற்றவர்கள் செய்தியை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டும். வேலி, விடுதி, நிலம் பற்றி எது வந்தாலும் முதலில் அவருக்கு அனுப்பி, அவர் சரி என்ற பிறகே நான் குழுவில் போட வேண்டும். ஆசிர் மறுநாளே குழுவிலிருந்து விலகிவிட்டார். என் கடையைத் தாண்டும்போது இப்போதெல்லாம் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறார்.

5. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது என் விஷயத்தில் நூற்றுக்கு நூறு உண்மையாயிற்று. ரேஷன் அரிசி நாறுகிறது என்று ஒருவர் அனுப்பினார்; போடவில்லை. காலை பஸ் நான்கு நாளாக வரவில்லை என்று வந்தது. அரசைக் குறை சொல்வது போல் இருக்குமோ என்று அதையும் போடவில்லை. அதிகாரி தடுத்தது வேலிப் பேச்சை மட்டும்தான். மற்றதையெல்லாம் தடுத்தது நான். கொஞ்ச நாளில் ஜனங்கள் எனக்கு எதையும் அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். மூடிவிட முடிகிறது, ஐயா. ஒரு தையல்காரியை வைத்தே மூடிவிட முடிகிறது.

6. 02.12.2025 காலை 6.10 மணிக்குச் சின்னத்தாயி என்பவர் எனக்கு ஒரு குரல் பதிவும் படமும் அனுப்பினார். "ஷீனா கண்ணு, தண்ணித்தொட்டிகிட்ட ஆறு மாடு நிக்குது. ஒண்ணு நொம்பப் பெருசு, கன்னோட இருக்குது. கீழ்த்தடத்துல ஆரும் வர வேண்டாம்னு சொல்லிரு சாமி." படத்தில் மாடுகளுக்குப் பின்னால் அந்த வேலி தெரிந்தது. நான் அதை 6.14 மணிக்கு அதிகாரிக்கு அனுப்பி, போடலாமா என்று கேட்டேன். பதில் இல்லை. காத்திருந்தேன். படத்தை விட்டுவிட்டு மாடு நிற்கும் செய்தியை மட்டும் போட்டிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை என்று எழுதினால் பொய். தோன்றியது. மாடு ஏன் இந்தத் தடத்துக்கு வந்தது என்று ஊரில் மறுபடி பேச்சுக் கிளம்பும், அதற்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், என் கணவர் வேலை போகும் என்று பயந்தேன். போனை மிஷின் மேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

7. 6.50 மணிக்கு வெள்ளையம்மாள் என்பவர் பழம் பறிக்கக் கீழ்த்தடத்தில் இறங்கினார். சிறிது தூரத்திலேயே அந்தக் கன்று போட்ட மாடு அவரை முட்டித் தூக்கியது. இடுப்பெலும்பு உடைந்து, குடல் கிழிந்து, இன்றுவரை சேலத்தில் மருத்துவமனையில் இருக்கிறார். மறுபடி நடப்பாரா என்று டாக்டர்கள் சொல்லவில்லை. அதிகாரியின் பதில் காலை 11.15க்கு வந்தது. கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம்.

8. வெள்ளையம்மாளின் மகள் மேனகா மருத்துவமனை வராந்தாவில் என்னிடம், "ஏனுங்க அக்கா, அன்னைக்கு குரூப்ல ஒண்ணுமே வரலீங்களே? நான் பாத்துட்டுத்தானுங்க அம்மாவ அனுப்புனேன்" என்றாள். சிக்னல் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை நம்பி, நான் கொண்டுபோன கஞ்சியை வாங்கிக்கொண்டாள். அவள் நம்பியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே ஐயா, நான் கேட்பது இவைதான். எங்கள் குழுவில் எதை எழுதக்கூடாது என்று சட்டம் இருந்தால் அதை எழுத்து மூலம் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் இந்தத் தடை செல்லாது என்பதையும் எழுத்து மூலம் தரச் சொல்லுங்கள். நான் கையெழுத்திட்ட தாளில் என்ன இருக்கிறது என்று எனக்குக் காட்டச் சொல்லுங்கள். அந்த வேலியை வனத்துறையினர் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். வெள்ளையம்மாளுக்கு நிவாரணம் கிடைக்க வேண்டும். இதில் என் தவறும் உண்டு. அதற்கு உரிய தண்டனையை ஏற்கிறேன். என் கணவருக்கு இதில் சம்பந்தம் இல்லை.

மேலும் ஒன்றைத் தெரிவித்துவிடுகிறேன். இன்று காலை 6.25 மணிக்கு, பால் ஊற்றும் வேடியப்பன், வேலி ஓரமாக மூன்று மாடுகள் திரும்பி எங்கள் தடத்தில் ஏறுவதைப் படம் எடுத்து அனுப்பினார். வேலியைத் திட்டி நான்கு வார்த்தையும் பேசியிருந்தார். யாரையும் கேட்காமல், ஒரு வார்த்தையும் வெட்டாமல், அதை 6.26க்கு அப்படியே குழுவில் போட்டேன். எட்டுப் பெண்கள் படியிலேயே நின்றுகொண்டார்கள். பிறகு, குழுவில் எல்லோரும் பேசலாம் என்று மாற்றிவிட்டேன்.

இதற்காக என்னைக் கூப்பிடுவார்கள் என்று தெரியும். இதை எழுதும்போதே போன் இரண்டு முறை அடித்து ஓய்ந்தது, எடுக்கவில்லை. என்னைக் கூப்பிட வேண்டுமானால் எழுத்து மூலம் கூப்பிடவும், பகலில் கூப்பிடவும், துணைக்கு ஒரு பெண்ணை அழைத்துவர விடவும் உத்தரவிடுமாறு தங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கூப்பிட்டுவிட்டு டீ மட்டும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இடம்: சேலம்
நாள்: 19.12.2025

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
(கையொப்பம்)
ஸ். ஷீனா