வாசலில் வேப்பிலை

திருத்தணி,
12-3-1946

என் அருமை அக்கா காஞ்சனாவுக்கு,

உன் வாலுத் தங்கை மணியம்மை எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று எழுதினால் நம்பமாட்டேன். வரவர உன் கடிதமெல்லாம் தந்தியாகிவிட்டது.

நைனாவின் பெருமைக்கு ரயிலில் தனிப்பெட்டி போடவேண்டும். பள்ளிப்பட்டிலிருந்து யார் கட்டி, புண் என்று வந்தாலும், "பட்டணத்துல புத்துநோய் வார்டே எங்க காஞ்சனா கையிலதான் நடந்துகினு இருக்குது. லீவுல வருவா, வந்து காட்டுங்க" என்கிறார். போன தடவை நம் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, ஆடிக் கிருத்திகை வழிதவறி வந்துவிட்டதோ என்று நினைத்தேன். ஒரு வேளைகூட நீ உட்கார்ந்து சாப்பிடவில்லை.

சித்திரைக்கு வருவாய்தானே?

மணியம்மை

சென்னை,
20-3-1946

அன்புள்ள மணிக்கு,

லீவு கிடைத்துவிட்டது. வரத்தான் பயமாக இருக்கிறது.

நைனாவிடம் சொல்லாதே. முன்பெல்லாம் வார்டில் ஒருவர் போய்விட்டால் குளியலறையில் ஒளிந்துகொண்டு அழுவேன். போன வாரம் பங்காரு என்ற பெண் என் கையைப் பிடித்தபடியே உயிரை விட்டாள். எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? விரிப்பை மாற்றவேண்டும் என்பதுதான். அவள் மகள் கதறினாள். அந்தச் சத்தம் எரிச்சலாக இருந்தது. இப்படிப்பட்டவள் நர்ஸாக இருக்கலாமா? லீவு முடிந்ததும் வேலையை விட்டுவிடப் போகிறேன்.

வாசலில் காத்திருக்கும் முகங்களை என்னால் பார்க்கமுடியாது, மணி.

காஞ்சனா

திருத்தணி,
25-3-1946

அக்கா,

முக்காடு போட்டுக்கொண்டு ரயிலைவிட்டு இறங்கு. நேரே உள்ளே போய்ப் படு. வாசல் என் பொறுப்பு. ஏன், எப்படி என்று கேட்டால் கூட்டத்தை நானே கூட்டி வருவேன்.

மணியம்மை

திருத்தணி,
29-4-1946

அக்கா,

நீ ரயிலேறியதும் எனக்குப் பூஜை நடந்தது. "வேப்பில கட்டி, அக்காவுக்கு அம்ம போட்டிருக்குதுன்னு ஊரையே ஏமாத்தினியேடி! மாரியாத்தாகிட்டயா வெளாட்டு?" என்று அம்மா துடைப்பத்தைத் தூக்கினாள். நீ தூங்கிய அழகைப் பார்த்துவிட்டு, "எழுப்பினா தோலை உரிச்சிடுவேன்" என்று என்னை மிரட்டியவளும் அவளேதான். இப்போது ஆத்தாவைச் சமாதானம் பண்ணக் கூழ் ஊற்றுகிறாள். நைனா பொய் சொல்லமாட்டாரே! யார் கேட்டாலும் "ஆங்" என்று தோட்டத்துப் பக்கம் ஓடிவிட்டார்.

உனக்குத் தெரியாதது ஒன்று. அம்மை என்றதும் ஊர்க்காரர்கள் உள்ளே வருவதற்குத்தான் பயந்தார்கள், வாசல்வரை வராமல் இருக்கவில்லை. தினமும் வாசற்படியில் இளநீர், மோர், நுங்கு. வைத்தது யாரென்றே தெரியாது.

அம்மையார்குப்பத்துக் கோதண்டபாணியை ஞாபகம் இருக்கிறதா? தறிக்காரர், போன வருஷம் உன் வார்டில் சம்சாரத்தைப் பறிகொடுத்தவர். அவர் வந்து, துவைத்துத் துவைத்துப் பூப்போலான பழம்புடவை ஒன்றைத் தந்தார். "இதும்மேல படுத்தா ஒடம்புல உறுத்தாது பாப்பா. எங்க வீட்டம்மா கடைசி வாரத்துல அந்தப் பொண்ணு கண்ணே மூடலீங்க. இப்பவாச்சும் தூங்கட்டும்" என்றார்.

அவரிடம் பொய் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. "அம்ம இல்லீங்க. அக்கா களைச்சிப் பூட்டா" என்று உளறிவிட்டேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நிலையின் மேல் தொங்கிய வேப்பிலையை அண்ணாந்து பார்த்தார். "அப்ப இன்னும் ரெண்டு கொத்து கட்டணும்" என்று தானே ஒடித்து வந்து கட்டினார்.

நீ போர்த்திக்கொண்டிருந்ததும், பெட்டியில் எடுத்துப் போனதும் அந்தப் புடவைதான். வேலையில் இருப்பதும் விடுவதும் உன் இஷ்டம். ஆனால் பெருமைக்கு இனி ரயிலில் இரண்டு பெட்டி வேண்டும், ஒன்று எனக்கு.

மணியம்மை

சென்னை,
16-6-1946

என் அன்பு மணிக்கு,

வேலையை விடவில்லை. எங்கள் ஓய்வறையில் ஒவ்வொருவராகப் போய்ப் படுத்து எழ அனுமதி வாங்கியிருக்கிறேன். உள்ளே ஆள் இருந்தால் கதவில் ஒரு வேப்பிலைக் கொத்து. அவளை யாரும் கூப்பிடக்கூடாது. மலையாளத்து நர்ஸுகள் முதலில் சிரித்தார்கள். இப்போது கொத்து காய்ந்தால் அவர்களே பறித்து வருகிறார்கள். வெள்ளைக்கார மேட்ரன் அந்தக் கதவைத் தாண்டும்போது பூனைபோல் நடக்கிறாள். இது யாருடைய யோசனை என்று கேட்டாள். "என் தங்கையுடையது" என்றேன். என் வாயில் அப்படியே நைனாவின் பெருமைக் குரல்!

வெள்ளிக்கிழமை தாயாரம்மாள் போய்விட்டாள். ஒரு மாதமாக என்னிடம் மட்டுமே கஞ்சி குடித்தவள். அந்தப் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன் மணி, நன்றாக அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

உன் அக்கா,
காஞ்சனா