கதவைத் திறந்துவிட்டு வெளியே நின்று படி

பழங்காநத்தம்,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்பு மகள் ரோகிணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமா என்று எப்போதும் கேட்பேன், இன்றைக்கு அதைக் கேட்கவே பயமாக இருக்கிறது. இதைப் பார்த்த உடனே மாப்பிள்ளையை எழுப்பு, வாசல் கதவைத் திற, இரண்டு பேரும் வெளியே போய் நில்லுங்கள். குளிர்ந்தாலும் பரவாயில்லை, கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள். மற்றதை அங்கே நின்று படி. உன் போனுக்கும் அவர் போனுக்கும் மாறி மாறி அடிக்கிறோம், மணி போகிறது, யாரும் எடுக்கவில்லை. அங்கே இன்னும் விடியவில்லை, தூங்கும்போது சத்தத்தை நிறுத்தி வைப்பாய் என்று தெரியும், தெரிந்தும் மனசு அடங்கவில்லை. மாப்பிள்ளையோடு வேலை பார்க்கிற யாராவது அக்கம்பக்கத்தில் இருந்தால் ஓடிப்போய்ப் பார்க்கச் சொல்லலாம் என்று அப்பா சம்பந்தியிடம் நம்பர் கேட்டுக்கொண்டிருக்கிறார். என்னால் சும்மா உட்கார முடியவில்லை, எழுதுகிறேன். இந்தப் பக்கத்தை முதலில் போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறேன், பாக்கி பின்னால் வரும்.

எல்லாம் அந்த அடுப்பால் வந்தது. ஸ்காட்லாந்தில் அந்த மலையடிவார வீட்டுக்கு நீ குடிபோன அன்றே எனக்கு அதைப் பிடிக்கவில்லை. வீடியோவில் காட்டினாயே, பீரோவைப் படுக்கப்போட்ட மாதிரி இரும்பு அடுப்பு, மேலே இரண்டு மூடி, கீழே நாலு கதவு, தீ மட்டும் கண்ணில் படவே இல்லை. புது வீடு என்று பால் காய்ச்சினால் பொங்கவே மாட்டேன் என்றது. பற்றவைத்து ஒரு நாள் போனால்தான் அந்த இரும்பு சூடு பிடிக்கும், பிடித்துவிட்டால் குளிர்காலம் முழுக்க அணைக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொன்னாராம். அப்புறம் பழகிக்கொண்டாய். இடது மூடியைத் திறந்தால் தோசை, வலது பக்கம் சாம்பார் மெதுவாகக் கொதிக்கும், கீழே பருப்பை வைத்துவிட்டுப் படுத்தால் விடியும்போது வெந்திருக்கும் என்றாய், எனக்கே ஆசை வந்தது. ராத்திரிக்குக் கரி நிரப்பிக் காற்றைக் குறைத்துவிட்டு அடுப்படியிலேயே படுத்துக்கொள்கிறோம், ஜன்னல் இடுக்கையும் சுவரில் இருந்த காற்றுச் சல்லடையையும் நான் கொடுத்துவிட்ட பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்து அடைத்துவிட்டோம் என்றும் சொன்னாய். இங்கே புழுக்கத்தில் விசிறிக்கொண்டு உட்கார்ந்து, என் மகள் கெட்டிக்காரி என்று மெச்சினேன்.

அப்புறம் காலையில் எழுந்தால் தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது என்றாய். எனக்கு வேறு என்ன தோன்றும். கல்யாணமாகி நாலு வருஷம் காத்துக்கிடக்கிறோம். டெஸ்ட் பண்ணினால் ஒரு கோடுதான் விழுந்தது என்றாய், இன்னும் நாள் போகட்டும் என்றேன். வண்டியூர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன், தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை பூராவும் டவுனில் சுற்றினோம், தலைவலியே இல்லை, வீட்டுக்குள் வந்ததும் திரும்பப் பிடித்துக்கொண்டது என்று நீ சொன்னபோதும் எனக்கு உறைக்கவில்லை. நேற்று மாப்பிள்ளையும் வாந்தி எடுத்தார், அவருக்கும் மசக்கை என்று நீ சிரித்தாய், நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அதே சிரிப்போடு இன்று காலை நம் பேக்கரி முத்துக்கருப்பன் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பன் பொட்டலத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, ஆம்பளைக்குமா தாயி, புள்ளைக எங்க படுக்குதுக என்று கேட்டார். சொன்னேன். அம்புட்டுத்தான், முகம் செத்துப்போய்விட்டது. மொதல்ல போன் போட்டுக் கதவைத் தொறக்கச் சொல்லு தாயி, கரி கக்குற விஷக்காத்துக்கு வாசமும் கெடையாது நெறமும் கெடையாது, என் தம்பிக்கும் தலைவலின்னுதான் மாத்திரை வாங்கிக் குடுத்தேன் என்றார். அவர் தம்பி பேயாண்டியை உனக்கு ஞாபகம் இருக்கும். மழைச்சாரல் என்று ஷட்டரை இறக்கிவிட்டு பேக்கரி அடுப்புக்குப் பக்கத்திலேயே படுத்தவன். மறுநாள் ஷட்டரை உடைத்துத்தான் திறந்தார்கள், தூங்குகிற மாதிரியே கிடந்தான். நானும் கூட்டத்தோடு நின்று பார்த்தேனே ரோகிணி, பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லையே.

வெளியே வந்ததும் ஆம்புலன்ஸைக் கூப்பிடு. டாக்டரிடம் வாந்தியைச் சொல்வதற்கு முன்னால் கரி அடுப்பைச் சொல், ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். எதையாவது எடுக்கவேண்டும் என்று திரும்ப உள்ளே போகாதே, அடைத்த துணியை வேறு யாராவது பிடுங்கிக்கொள்ளட்டும். புகைபோக்கியை அதற்கென்று உள்ள ஆள் வந்து பார்க்கும்வரை அந்த அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது, வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். மாரியம்மனிடம் வேண்டுதலையும் மாற்றிவிட்டேன். குழந்தை எப்போது வருமோ வரட்டும், வராவிட்டாலும் போகட்டும், நீ எனக்கு இருந்தால் போதும்.

இரண்டு பேரும் தீர்க்காயுசாக இருக்கவேண்டும். எல்லாக் கடிதத்திலும் பழக்கத்துக்கு எழுதுகிற வார்த்தைதான், இன்றைக்கு எழுதி முடிக்குமுன் கண்ணீர் மறைக்கிறது. படித்ததும் பதில் எழுதிக்கொண்டிருக்காதே, போன் போடு. பேச முடியாவிட்டாலும் பரவாயில்லை, இருமினால்கூட எனக்குத் தெரியும். அப்பா திரும்ப அடிக்கிறார், மணி போய்க்கொண்டே இருக்கிறது.

இப்படிக்கு,
உன் குரலுக்குக் காத்திருக்கும் அம்மா,
ஜெயக்கொடி.