முன்துண்டுக் காணி

12.02.2024, திங்கள்

காலையில் நான்கு இதரை வாழைக்குலை சந்தைக்குப் போனது. மத்தியானம் வீதி அகலிப்புக்காரர் வந்து தங்கச்சி வீட்டில் சிவப்புப் பெயின்றால் கோடு போட்டார்கள். கேதீஸ்வரி அழுதுகொண்டு ஒழுங்கையால் ஓடி வந்தாள். "அக்கா, மதிலும் போகுது, முன் விறாந்தையும் போகுது, கறுத்தக்கொழும்பான் மாமரமும் போகுது." தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். பாவமாகத்தான் இருந்தது.

எங்களுக்கு ஒரு அடி கூடப் போகவில்லை. அம்மா சீதனம் எழுதும்போது காணியைக் குறுக்கே பிரித்து, மூத்தவளான எனக்கு உள்துண்டும் பழைய வீடும், இவளுக்கு வீதியோர முன்துண்டும் தந்தார். அன்றைக்கு முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றவள் இவள்தான். வீதிப் புழுதி முழுக்கத் தனக்குத்தானாம்.

18.03.2024, திங்கள்

நட்டஈட்டுக்கு விலை மதிக்க இரண்டு பேர் வந்தார்கள். சும்மா பார்க்கத்தான் போனேன். மதிலுக்குத் தனி, விறாந்தைக்குத் தனி, தென்னைக்குத் தனி, இன்னும் காய்க்கத் தொடங்காத தேசிக்கும் தனி. அந்தத் தேசி நான் கொடுத்த கன்று. தங்கச்சியின் புருஷன் அருட்பிரகாசம் கலியாண மாப்பிள்ளை மாதிரி முன்னால் நின்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

என் வளவில் இருநூறு வாழை நிற்கிறது. ஒருவரும் எண்ணவில்லை. "உங்கடை காணி வீதிக்குப் படேல்லை அம்மா, பயப்பிடாதேங்கோ" என்று ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

வீட்டில் வந்து இவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "காணி பறிபோறவளைப் பாத்து எரியிற ஒரே ஆள் நீதான்" என்றார். எரியவில்லை என்றேன். எரிகிறது. ஏன் எரியக் கூடாது? அதே அம்மா, அதே காணி.

02.04.2024

மேல்மாடி கட்டப் போகிறாளாம்.

19.05.2024, ஞாயிறு

மாடியின் படத்தைக் கீறிக்கொண்டு வந்து என் மேசையில் விரித்தாள். விறாந்தை போகுது என்று அழுதவள் இப்போது மாபிளுக்கு நிறம் கேட்கிறாள். "மேலை ஒரு அறை உங்களுக்கு, அக்கா. முழங்கால் ஏலாட்டி கீழை தாறன்."

எனக்கு அறை தருகிறாளாம். இவளுக்குத் தலை இழுத்து, பேன் பார்த்து, பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போனவள் நான். சிரித்து, வெள்ளை மாபிள் நல்லது என்றேன். வெள்ளையில் எல்லா ஊத்தையும் தெரியும்.

07.06.2024, வெள்ளி

காணி உறுதிப் பெட்டியைத் திறந்தேன். என் சீதன உறுதியில் கடைசி வரியில் இருக்கிறது, வழி வாய்க்கால் பாத்தியதை என்று. வீதியில் இருந்து என் வீட்டுக்கு வருகிற ஒழுங்கை அவளுடைய துண்டின் ஓரத்தால்தான் வருகிறது. அதை மட்டும் அம்மா பிரிக்காமல் இரண்டு பேருக்கும் பொதுவில் விட்டிருக்கிறார். கூடப் பிறந்ததுகளுக்குள் ஒழுங்கையை என்னத்துக்கு அளப்பான் என்று உறுதி எழுதிய நொத்தாரிசிடம் அம்மா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

ஒழுங்கையின் வாயில் பத்தடி வீதிக்குப் போகிறது. அதில் பாதி என்னுடையதுதானே? உள்ளதைத்தானே கேட்கப் போகிறேன்?

14.06.2024, வெள்ளி

கேட்டுவிட்டேன். இவருக்கும் சொல்லவில்லை. பிரதேச செயலகத்தில் காணிக் கிளையில் கஜானி என்று ஒரு பிள்ளை. என் உறுதியை வாசித்துவிட்டு, "தங்கச்சியோடை ஒருக்காக் கதைச்சிட்டு வாறீங்களோ அம்மா?" என்றாள். என்னுடையதைக் கேட்க நான் ஆரைக் கேக்கவேணும்? உரித்துக் கேட்டு எழுதிய கடிதத்தில் கையெழுத்தை வடிவாகப் போட்டேன்.

வெள்ளிக்கிழமையாக இருந்தும் கோயிலுக்குப் போகவில்லை.

23.09.2024, திங்கள்

இயந்திரம் வந்து விறாந்தையைத் தள்ளியது. ஒரு மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. சாமிப் படங்களை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். காசு இன்னும் வரவில்லையாம், அடுத்த மாதம் வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முன்பக்கம் முழுக்க மழைக்கு மறைப்பாக நீலத் தறப்பாள் கட்டியிருக்கிறது.

28.10.2024, திங்கள்

மூன்று நாளாக மழை. கேதீஸ்வரி நனைந்துகொண்டு வந்தாள்.

"அக்கா, ஆரோ உரித்துக் கேட்டு எழுதிக் குடுத்திருக்கினமாம். அதாலை காசு மறிபட்டுப் போச்சாம். நீங்கள் ஒருக்கா என்னோடை கந்தோருக்கு வாறீங்களோ? நீங்கள் கதைச்சால் கேப்பினம்."

முழங்கால் நோகுது என்றேன்.

"ஆராயிருக்கும் எண்டு நினைக்கிறீங்கள்?"

"என்னத்தைக் கண்டன்."

துவாய் எடுத்துக் கொடுத்தேன். தலையைத் துடைத்துக்கொண்டே, உரித்துக் கேட்டவர்கள் நல்லாயிருக்க மாட்டினம் என்றாள். என் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு.

30.10.2024, புதன்

முழங்கால் நோவோடு தனியாகக் கந்தோருக்குப் போனேன். எழுதிக் கொடுத்ததைத் திருப்பி எடுக்கப் போகிறேன் என்றேன். கஜானி எழும்பி நின்று சொன்னாள்: "மேலை அனுப்பியாச்சு அம்மா. வரைபடத்திலை ஒழுங்கையும் அவையின்ரை முன்காணியும் ஒரே துண்டு. அதிலை ஐஞ்சடிக்கு ஒராள் உரித்துக் கேட்டாலும் துண்டு முழுதுக்கும் கோட்டிலை வழக்குப் பேசித்தான் தீர்வு. காசைக் கோட்டிலை கட்டிப்போடுவினம்."

முன்பே சொல்லியிருக்கக் கூடாதோ? சொன்னாள்தான். தங்கச்சியோடு கதைக்கச் சொன்னாள்.

திரும்பி வரும்போது தறப்பாளுக்குக் கீழே அயலெல்லாம் கூடியிருந்தது. ஒருத்தி புட்டு அவித்துக் கொண்டுவந்திருந்தாள். ஊர் விதானையாரும் நின்றார். ஊர் முழுக்க அவளுக்காகக் கவலைப்படுகிறது. மழையில் நனைந்து வந்த என்னை ஒருவரும் இரு என்று சொல்லவில்லை. எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. என்ன பிறவி நான்?

03.02.2025, திங்கள்

நீதிமன்றத்தில் இருந்து அழைப்பாணை. அவளுக்கும் எனக்கும் ஒரே நாளில். இரண்டிலும் முதலாவது அவளுடைய பெயர், இரண்டாவது என்னுடையது.

இவர் வாசித்துவிட்டு "நீயோ?" என்று மட்டும் கேட்டார். பிறகு வாழைக்குத் தண்ணீர் மாற்றிவிட என்று போய்விட்டார்.

பின்னேரம் அருட்பிரகாசம் வந்தார். வாசலில் செருப்போடு நின்று, "சாமிப் படங்களைத் தாங்கோ" என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

05.02.2025

அவள் வரவில்லை. வந்தால் என்ன சொல்லுவன்?

20.02.2025, வியாழன்

வழக்கின் முதல் தவணை. ஐந்து நிமிடம்கூட இல்லை, பெயரைக் கூப்பிட்டுவிட்டு ஆனிக்குப் போட்டார்கள். இப்படியே போனால் அடுத்த மழைக்கும் வழக்கு முடியாது போலிருக்கிறது. தறப்பாள் இப்போதே கிழிந்து தொங்குகிறது.

காலையில் பஸ்ஸில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது, அவளுக்குப் பக்கத்தில். இருந்தேன். சேலைத் தலைப்பை என் கீழிருந்து இழுத்து எடுத்தாள். மெலிந்திருக்கிறாள். ஏதாவது சொல்லலாம் என்று கோப்பாய் தாண்டும்வரைக்கும் நினைத்துக்கொண்டு வந்தேன்.

நடத்துநர் எங்கள் இரண்டு முகத்தையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "அக்காவும் தங்கச்சியுமோ? யாழ்ப்பாணம் ரெண்டோ?" என்றார்.

கேதீஸ்வரி காசை நீட்டினாள். "ஒண்டு" என்றாள்.

நானும் கைப்பையைத் திறந்து, "எனக்கும் ஒண்டு" என்றேன்.